தோட்டத்துச் சிறு மந்தை



பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதி தேயிலை மலைகளை வளைந்து வளைந்து கடக்கிறது. அவ்வீதியை அடுத்த தோட்டம் ஒன்றில், லயத்தின் கடைசிக் காம்பராவில் வாழ்ந்த சிறுமி ஒருத்தி ஒரு கிடாய்க் குட்டியை வளர்த்து வந்தாள். இரட்டைக் குட்டிகளுள் அது மெலிந்தது. தாயின் மடியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. போத்தலில் பால் ஊட்டி அதனைப் பிழைக்க வைத்தவள் அச்சிறுமியே. காலையில் அவள் பாடசாலைக்குப் புறப்படும்போது அது இஸ்தோப்பு வரை வந்து கத்தும். மாலையில் அவள் குரல் கேட்டவுடன் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் அவள் வீடு திரும்பியபோது, முளையிலே கயிறு மட்டும் கிடந்தது.

தந்தை கல்நெஞ்சர் அல்லர். கடையிலே கடன் ஏறியிருந்தது. மூத்த பிள்ளையின் படிப்புச் செலவும் காத்திருந்தது. வியாபாரி வந்தான், விலை பேசினான், ஆடு போயிற்று. வளர்த்த பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்ல மட்டும் அவருக்கு மனம் துணியவில்லை.

சில நாட்கள் கழித்து, அச்சிறுமி கைப்பேசித் திரையில் ஒரு விந்தையான விலங்கைக் கண்டாள். ஒட்டகத்தை நினைவூட்டும் முகம், செம்மறியைப் போன்ற உடல், நீண்ட கழுத்து, பஞ்சு போர்த்தாற் போன்ற உரோமம். மேலைநாட்டுக் குடும்பம் ஒன்று வீட்டின் புறத்தே அவற்றில் நான்கைந்தைச் செல்லமாக வளர்ப்பதை அப்படம் காட்டியது. மறுநாள் அவள் தன் ஆசிரியையிடம் கேட்டாள்: "இதைக் கொல்லாமல், உரோமத்தை மட்டும் வெட்டி விற்கிறார்களாம், டீச்சர். ஆட்டுக்குப் பதிலாக நாங்கள் இதை வளர்க்க ஏலாதா?"

கேட்டவள் சிறு பிள்ளை. ஆயினும் அது விளையாட்டாகக் கேட்ட கேள்வி அன்று. அன்பு செலுத்தி வளர்க்கும் உயிரைக் கொண்டே வாழ்க்கையையும் நடத்த வேண்டியிருக்கும் ஏழைக் குடும்பத்தின் இடர்ப்பாடு முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே அவ்வினாவுக்கு நேர்மையாக விடை தேடுவோம்.

அவ்விலங்கின் பெயர் அல்பாகா. தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா, சிலி ஆகிய நாடுகளைத் தழுவி நிற்கும் அந்தீசு மலைத்தொடரே அதன் தாயகம். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதற்குத் திமில் இல்லை. விக்கூன்யா என்னும் காட்டு விலங்கிலிருந்து, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் அம்மலைவாழ் மக்கள் அதனைப் பழக்கி வீட்டு விலங்காக்கினர். கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீற்றருக்கும் உயர்ந்த புல்வெளிகளில், பகலில் வெயிலும் இரவில் உறைபனியும் உள்ள வறண்ட காற்றிலே அது வாழப் பழகியது. ஊவாவின் பெரிய மலையாகிய நமுனுகுலையின் உச்சியோ 2,036 மீற்றர் மட்டுமே.

அல்பாகாவின் உரோமம் மெல்லியது, இலேசானது, வெப்பம் காப்பது. இன்கா அரசர் காலத்தில் அதனால் நெய்த துணி பெருமதிப்புப் பெற்றிருந்தது. 1836இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் டைட்டஸ் சால்ட் என்னும் ஆலை முதலாளி அதனை இயந்திரத்தில் நூற்றுத் துணியாக்கும் வழியைக் கண்டு பெருஞ்செல்வர் ஆனார். அத்துணி நம் நாடுகளுக்கும் வந்தது. வழக்கறிஞரும் அலுவலரும் ஒரு காலத்தில் அணிந்த கறுப்பு அல்பாகாக் கோட்டை முதியோர் சிலர் இன்றும் நினைவுகூர்வர். கோட்டை அறிந்த நாம் அதனைத் தந்த விலங்கை அறியாதிருந்தோம்.

செல்லப் பிராணியாக அதனை வளர்ப்போர் முதலில் கற்கும் பாடம் ஒன்றுண்டு. அல்பாகாவை ஒற்றையாக வளர்க்கலாகாது. குறைந்தது மூன்றாவது சேர்ந்திருத்தல் வேண்டும் என்பர். கூட்டத்தைப் பிரிந்த அல்பாகா உணவை வெறுக்கும், அஞ்சி ஒடுங்கும், நோயுறும். கூட்டத்தில் இருக்கும்போதோ அவை ஒன்றோடொன்று முனகும் குரலில் ஓயாது பேசிக்கொள்ளும். சாணமிடுவதற்குக்கூட எல்லாம் ஓரிடத்தையே நாடும். ஈனுவது ஆண்டுக்கு ஒன்றே. சினைக்காலம் பதினொரு மாதத்துக்கும் மேல். பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிர்வாழும். ஒரு முறை தொழுவத்தில் கட்டினால், பாடசாலைச் சிறுமி பெரியவளாகித் தன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் காலம் வரையில் அதனைப் பேணுதல் வேண்டும் என்பது இதன் பொருள். சுவிட்சர்லாந்து நாடு 2008இல் வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், கூடி வாழும் இனத்து விலங்குகளுக்குத் தம் இனத்தோடு பழகும் வாய்ப்பு இருந்தே ஆக வேண்டும் எனக் கட்டளையிடுகின்றன.

அல்பாகாவைத் தாயகத்திலிருந்து பெயர்த்துப் பிறநாட்டில் குடியேற்ற முயன்றோர் வரலாறு படிப்பினை நிறைந்தது. சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கிலேய வணிகர் அவர்களுள் ஒருவர். பெரு நாட்டரசு அல்பாகாவை வெளியே கொண்டு செல்வதைத் தடுத்திருந்தது. அவரோ மந்தைகளைப் பொலிவியா, ஆர்ஜென்டினா வழியாகப் பனிமலைகளைக் கடத்தி ஓட்டிச் சென்று, சிலியின் துறைமுகத்தில் கப்பலேற்றினார். வழியில் மடிந்தவை போக 256 விலங்குகள் 1858 நவம்பரில் சிட்னி நகரை அடைந்தன. நியூ சவுத் வேல்ஸ் அரசு அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. 1864இல் மந்தை ஏலத்தில் சிதறியது. பல கைகளில் பிரிந்து சென்ற விலங்குகள் நாளடைவில் அழிந்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின்னர், 1980களின் இறுதியிலேதான் ஆஸ்திரேலியாவில் அல்பாகா மீண்டும் நிலைகொண்டது.

இதே லெட்ஜர் 1865இல் அனுப்பிய சிங்கோனா விதைகளோ யாவாத் தீவில் தழைத்துக் காடாகி, உலகத்துக்கே கொய்னா மருந்தை வழங்கின. நமது மலைகளும் இத்தகைய குடியேற்றங்களால் உருமாறியவையே. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தது. சிங்கோனா சில காலம் அவ்விடத்தைப் பிடித்தது. பின்னர் தேயிலை வந்து நிலைத்தது. விதை தனியே கடல் கடந்தும் வேரூன்றும். மந்தை விலங்குக்கோ கூட்டமும் நிலமும் பழகிய கையும் ஒருங்கே அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது நிலைப்பதில்லை.

இலங்கை மலைநாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைக்க எண்ணி, இங்கிலாந்திலிருந்து உயர்சாதிப் பசு ஒன்றையும் செம்மறிக் கிடாய்களையும் கப்பலில் கொண்டுவந்தார். அப்பசு மலைவழி ஏற மாட்டாமல் நுவரெலியாவை அடையுமுன்பே இறந்தது. உதவிக்கு அனுப்பப்பட்ட யானையும் குதிரைக்காரனின் அறியாமையால் அளவு மீறி விரட்டப்பட்டு உயிர் நீத்தது. இதனைப் பேக்கரே தம் நூலில் எழுதி வைத்துள்ளார்.

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் வெப்பமான பள்ளத்தாக்கில் உள்ளது. பண்டாரவளையும் அப்புத்தளையும் குளிர்ச்சியானவை. ஆயினும் ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை அங்கே பெய்து ஓய்வதில்லை. அடர்ந்த உரோமம் போர்த்த விலங்கைப் பள்ளத்தாக்கின் புழுக்கம் வாட்டும். மேட்டின் ஈரம் குடற்புழுவையும் தோல்நோயையும் தரும். வெளிநாட்டு விலங்கைக் கொண்டுவருவதானால் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் அனுமதியும் பெற வேண்டும். உரோமத்தை நூற்க ஆலை இல்லை. வாங்க ஆளும் இல்லை. இவற்றுக்கும் மேலாக, அந்தீசு மலை மக்கள் முதிர்ந்த அல்பாகாவின் இறைச்சியை உண்ணவும் செய்கின்றனர் என்பதை அப்பிள்ளைக்கு மறைக்கலாகாது. பிரிவின் துயரம் இல்லாத கால்நடை வளர்ப்பு எந்த மலையிலும் இல்லை.

அல்பாகா ஊவாவுக்கு வேண்டாம். ஆனால் அல்பாகா வளர்ப்போர் கைக்கொள்ளும் ஒழுங்கு வேண்டும். தனியே கட்டாதே, தாங்கக்கூடிய அளவுக்கு மேல் பெருக்காதே, நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற இனத்தையே தேர்ந்தெடு. இம்மூன்றும் லயத்து வெள்ளாட்டுக்கும் பொருந்தும்.

வெள்ளாட்டை ஏழையின் பசு என்பர். காந்தியடிகள் 1919ஆம் ஆண்டு தொட்டு ஆட்டுப்பாலையே அருந்தி வந்தார். 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து பதுளையில் பேசியபோதும் அந்நோன்பு தொடர்ந்தது. இருந்தும் நம் தோட்டங்களில் ஆடு பெரும்பாலும் ஒற்றையாகவே கட்டப்படுகிறது. ஒரு முளை, ஒரு கயிறு, ஓர் ஆடு. அது நாள் முழுவதும் கத்துவது பசியினால் மட்டும் அன்று, துணையின்மையினாலும்தான். இரண்டு அல்லது மூன்று பெட்டைகள் சேர்ந்திருப்பின் அவை அமைதியாக இரை எடுக்கும். லயம் முழுமைக்கும் பொதுவாக ஒரு நல்ல கிடாய் போதும். இரத்த உறவில் இனம் பெருகி நலியாதிருக்க, இரண்டாண்டுக்கு ஒரு முறை அக்கிடாயை வேறு தோட்டத்தாரோடு மாற்றிக்கொள்ளுதல் நலம்.

மூன்று பெட்டைகளின் கணக்கைப் பார்ப்போம். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்கு பேணினால் இரண்டாண்டில் மூன்று முறை ஈனும். இரட்டைக் குட்டிகள் அரியவை அல்ல. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தழை வேண்டும். குட்டிகளையும் சேர்த்தால் நாள்தோறும் ஒரு தலைச்சுமைத் தழை. பகல் முழுவதும் கொழுந்து பறித்துக் கூடையை இறக்கி வைத்த தாய், பொழுது சாயுமுன் இச்சுமையையும் அறுத்துத் தூக்குகிறாள். மூன்றைப் பத்தாகப் பெருக்க விரும்பும் குடும்பத்தலைவர், சுமை யார் தலையில் ஏறுகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுமையைக் குறைக்க வழி உண்டு. வேலி நெடுகக் கிளிரிசீடியாக் கம்புகளை நட்டால் ஓராண்டில் தழை கிடைக்கும். அதன் மணம் பழகாத ஆட்டுக்குச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுக்கலாம். முள்முருக்கு இலையும் பலா இலையும் ஆடு விரும்பும் உணவு. தழையைத் தரையில் கொட்டலாகாது. மிதித்ததை ஆடு தின்னாது. கட்டாகக் கட்டி அதன் முகம் எட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஆடு தழை கடிப்பது போல என்று நுனிப்புல் மேய்வோரைப் பழிக்கிறோம். உண்மையில் பலவகை இலைகளைச் சிறிது சிறிதாகத் தேர்ந்து உண்பதே அதன் உடலுக்கு ஏற்ற முறை. களைகொல்லி தெளித்த மலையில் அறுத்த புல்லை மட்டும் ஒருபோதும் கொடுக்கலாகாது.

கொட்டில் தரையிலிருந்து மூன்றடி உயர்ந்த பரணாக இருத்தல் வேண்டும். சட்டங்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விட்டால் சாணமும் சிறுநீரும் கீழே விழும். ஆட்டின் குளம்பு ஈரத்தில் ஊறி அழுகாது. காற்றடிக்கும் பக்கத்தைப் பலகையாலோ சாக்காலோ அடைக்க வேண்டும். குட்டிகளை முதலில் பறிப்பது குளிரால் வரும் சளி நோய். மழைக்காலத்தில் பனி உலருமுன் ஆட்டை மேயவிடுதல் குடற்புழுவைக் கூவி அழைப்பதற்கு ஒப்பாகும். பூச்சி மருந்தைக் கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். பரணின் கீழே சேரும் எருவோ மரக்கறிப் பாத்திக்குப் பொன் போன்றது. கிடாய் விற்பது ஆண்டுக்கு ஓரிரு முறை. எரு நாள்தோறும் வரும் வருமானம்.

மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்த துயரை ஊவா மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கை கேட்டு வீட்டை விட்டுப் புறப்படும்போது, மனித உயிரே முதன்மை; ஆயினும் கொட்டிலின் கதவைத் திறந்து கயிற்றை அவிழ்த்துவிட ஒரு நொடி போதும். கட்டுண்ட விலங்கு ஓட முடியாது.

இவ்வளவும் செய்ய இடம் எங்கே? இதுவே தோட்டத்து மக்களின் நெஞ்சில் உள்ள வினா. மூன்று ஆடுகளும் குட்டிகளும் தங்கப் பத்தடிக்கு ஆறடிப் பரண் தேவை. வெள்ளையர் காலத்து லயக் காம்பராவோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. உடைமை கைமாறியபோதும், லயத்தடியில் ஒரு கொட்டில் போடுவதற்கு அனுமதி வேண்டி நிற்கும் நிலை தொழிலாளிக்கு மாறவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் வந்தது. ஏழு பேர்ச்சஸ் என்பது சுமார் 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போக மிஞ்சும் நிலத்தில் ஒரு பரணும் ஒரு மரக்கறிப் பாத்தியும் வேலித் தழையும் அமையும். பெருஞ்செல்வம் அன்று; ஆயினும் யாரையும் கேளாமல் கொட்டில் போடலாம். அந்நிலமும் இன்னும் எல்லோர்க்கும் கிடைத்துவிடவில்லை.

இறுதியாக, அன்பும் விற்பனையும் ஒரே கொட்டிலில் எவ்வாறு வாழும்? அனுபவமுள்ள குடும்பங்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுள்ளன. பெட்டைகள் மந்தைக்கு உரியவை, அவற்றை விற்பதில்லை. கிடாய்க் குட்டிகள் விற்பனைக்கு உரியவை. அது பிறந்த அன்றே வீட்டார் அனைவர்க்கும் தெரிந்திருக்கும். விற்கும் நாளும் பணம் செல்லும் வழியும் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லப்படும். விலங்கு வளர்ப்பில் பிள்ளை கற்கும் கல்வி பெரிது: பசியறிதல், பொறுப்பு, பொறுமை. ஒளித்துச் செய்யும் ஒரு விற்பனை அக்கல்வி முழுவதையும் ஒரு பிற்பகலில் அழித்துவிடும். பிள்ளை இழந்தது ஓர் ஆட்டை மட்டும் அன்று. தந்தையின் சொல்லில் கொண்டிருந்த நம்பிக்கையையும்தான்.

ஆசிரியை இவற்றையெல்லாம் ஒரே நாளில் அச்சிறுமிக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒரு மாலை அவர் லயத்துக்கும் சென்று தந்தையோடு பேசினார். அடுத்த ஆண்டு மாரி முடிந்தபோது அவ்வீட்டுத் தாய் ஆடு மீண்டும் இரட்டைக் குட்டிகளை ஈன்றது; ஒன்று பெட்டை, ஒன்று கிடாய். தந்தை மகளை அழைத்தார். "பெட்டை உனக்கு, அம்மா. அது எங்கேயும் போகாது. கிடாயை அடுத்த தீபாவளிக்கு விற்போம், அந்தக் காசில் உனக்கும் அண்ணனுக்கும் கொப்பி, புத்தகம், சப்பாத்து" என்றார். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் பெட்டைக்கு மட்டும் பெயர் வைத்தாள். மறுநாள் காலையில் பலா இலைக் கட்டுகளை அவள் தொங்கவிட்டபோது, இரண்டு குட்டிகளுக்கும் ஒரே அளவாகவே கட்டியிருந்தாள்.